பவுடர் வாசனை இல்லாத கிணறு

தண்ணீர்த் தம்ளரைக் கையில் வாங்கினால் முதலில் அது என் மூக்குக்குத்தான் போகும். சென்ற மாதம் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் இதை ஒருவர் பார்த்துவிட்டார். இப்போது வேலையில் இருக்கும் சுகாதார ஆய்வாளர் அவர், சின்னப் பெண். "இன்னா சார், தண்ணிய மோந்து பாக்கறீங்க, மீன் வாங்கற மாதிரி?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது கேன் தண்ணீர். ஒரு வாசனையும் இல்லை. குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டேன்.

அன்று கூட்டம் முழுக்கப் புது நோய்களைப் பற்றித்தான் பேச்சு. கோழியிடமிருந்து வந்தது, வவ்வாலிடமிருந்து வந்தது, இன்னும் பெயர் வைக்காதது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார், நிம்மதியா இருந்திருப்பீங்க" என்று அதே பெண் சொன்னார். எழுந்து வரும்போது, சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீரை ஏன் மோந்து பார்க்கிறேன் என்பதும், நிம்மதியாக இருந்தேனா என்பதும் ஒரே பதிலில் அடங்கும். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் செய்யாறு பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பொட்டலம் கட்டிய தாளிலும், கடையில் கிடந்த பேப்பரிலும்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் சுகாதார வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சில வாரங்கள் பயிற்சி. கொசுவுக்கு எண்ணெய் ஊற்றுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, வெறிநாய் கடித்தவனைப் பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, கிணற்றுக்கு மருந்து போடுவது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வாய்த்தது. ஒரு சைக்கிள், இரண்டு வாளி, ஒரு கயிறு, ஒரு தகர டப்பா நிறைய பிளீச்சிங் பவுடர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாகக் குடியிருந்தேன்.

ஊரில் என்னைப் பவுடர்காரர் என்பார்கள். கோதண்டம் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ஆபீஸுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் மட்டும்தான் தெரியும். தெருமுனையில் என் சைக்கிள் மணி கேட்டதும் பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். நான் மருந்து போடுவதற்கு முன்னால் இரண்டு நாளைக்கான தண்ணீரை மொண்டு வைத்துக்கொள்ளத்தான் அந்த ஓட்டம். "அவரு வந்துக்கினு இருக்காரு, சீக்கிரம் மொள்ளுடி" என்று என் காதுபடவே சொல்வார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், "நீங்க போட்ட தண்ணிதான் இருக்குது, குடிக்கிறீங்களா?" என்பார்கள். அதில் கோபம் இருக்காது, கிண்டல்தான். ஆனாலும் நாளெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு ஒரு வீட்டிலும் உட்காராமல் அறைக்குத் திரும்புவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

ஜனங்கள் பேசுவது எனக்குப் பிடிக்கும். யாராவது ஏதாவது ருசியாகச் சொன்னால் தடுப்பூசிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். திருவிழா நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் காலரா ஊசி போட நின்றபோது ஒரு பெரியவர், "பெருமாளைப் பாக்க வந்தவனைக் குத்தி அனுப்பறீங்களே, அவரு கேட்டா யார் பேரைச் சொல்றது?" என்றார். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. ராத்திரியில் பேச ஆள் இல்லாதபோது இந்தச் சீட்டுகளைத்தான் எடுத்துப் படிப்பேன்.

என் மேலதிகாரி இன்ஸ்பெக்டர் தனகோபால். குடும்பம் திருச்சியில். அவரும் இங்கே தனிக்கட்டைதான். கால்சட்டை சைக்கிள் சங்கிலியில் மாட்டாமல் இருக்க ஒரு கிளிப் போட்டிருப்பார், அதை ஆபீஸில்கூடக் கழற்ற மாட்டார். பேனா வைத்துக்கொள்ள மாட்டார், பென்சில்தான். தண்ணீர் பட்டால் மை ஓடும், பென்சில் ஓடாது என்பார். எங்களைப் போன்ற கடைநிலை ஆட்களையும் நீங்க, வாங்க என்றுதான் அழைப்பார். எந்த வீட்டிலும் உட்கார மாட்டார். நாற்காலி போட்டால் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். குரல் உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. யாராவது நோயில் விழுந்தால் அந்த வீட்டில் மூன்றே கேள்வி கேட்பார். "என்ன குடிச்சீங்க? யாரு மொண்டாங்க? எந்தக் கயிறு?"

கிணற்று வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கயிற்றைக் கட்டிக் கிணற்றின் அகலத்தை அளக்க வேண்டும். கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீரின் ஆழத்தை அளக்க வேண்டும். அவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது, அதில் ஆறு வெள்ளைக் கிண்ணங்கள். கிணற்றுத் தண்ணீரை ஆறிலும் ஊற்றி, பவுடர் கரைசலை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, அடுத்ததில் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவார். அரைமணி கழித்துக் கஞ்சி கலந்த ஒரு மருந்தை எல்லாவற்றிலும் விடுவார். எந்தக் கிண்ணம் முதலில் நீலமாகிறதோ, அந்தக் கணக்குக்குப் பவுடர். அதையும் அப்படியே கொட்டிவிடக் கூடாது. வாளியில் போட்டுக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருக்க வேண்டும். மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக, பக்கத்துக்குப் பக்கம் ஆட்ட வேண்டும். "தண்ணிக்குத் தெரியாம போடணும் கோதண்டம்" என்பார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வந்தால் மருந்து தண்ணீரில் நிற்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பதிவேட்டில் "மஞ்சள் வந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். குழாயைப் பார்ப்பதற்கு முன்னால், "உங்க மூக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பார். மூக்கும் குழாயும் ஒன்றையே சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் எங்களை உட்கார வைத்துப் பேசினார். ஒரு புது மாதிரி காலரா கடல் தாண்டி வந்திருக்கிறது, எல் டார் என்று பெயர் என்றார். "பழைய காலரா மேளம் அடிச்சுக்கிட்டு வரும். ஊருக்கே தெரியும். இது செருப்பைக் கழட்டி வச்சுட்டு உள்ளே வருது. பத்து பேர் வயித்துல இருந்தா ஒருத்தர், ரெண்டு பேருக்குத்தான் காட்டும். மத்தவங்க நல்லா சாப்பிட்டு, நல்லா நடந்து, கிணத்தடியில துணி துவைச்சுட்டுப் போவாங்க. தண்ணியிலயும் பழசை விட ரொம்ப நாள் உயிரோட இருக்கும். இனிமே ஆளைப் பாத்து எதையும் முடிவு பண்ணாதீங்க. குழாயைப் பாத்து முடிவு பண்ணுங்க." புது நோய் என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது அன்றுதான்.

அந்த வருஷம்தான் சாயக்கார ஏகாம்பரம் எனக்குப் பழக்கமானார்.

பட்டு நெசவுத் தெரு ஒன்றில் அவருடைய சாயப்பட்டறை. பின்கட்டில் கிணறு, அதை ஒட்டி அடுப்புகள், செப்புத் தொட்டிகள், மூங்கிலில் காயும் பட்டு நூல். நான் முதல் தடவை குழாயில் மஞ்சள் பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தார். "இன்னா கலர் சொல்ற இதை?" என்றார். மஞ்சள் என்றேன். "மஞ்சள்னா ஊர்ல ஆயிரம் கீதுபா. இது எலுமிச்சை. ரெண்டு சொட்டு கூடினா தாழம்பூ. இன்னும் ரெண்டு விடு, மாம்பழத் தோலுக்கு வரும்." விட்டுப் பார்த்தேன். வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "உன் பேரு இன்னா?" என்று கேட்டார். அந்த ஊரில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்.

அன்றிலிருந்து நான் கோதண்டம் ஆனேன். அவர் மனைவி மரகதம் மத்தியானம் என்னைச் சாப்பிடாமல் விடமாட்டார். "கோதண்டம் வந்துட்டுதா? கை கழுவிக்கினு வா. உன் பவுடர் கையோட சோத்துல கை வைக்காத, ரசம் வெளுத்துப் போயிடும்" என்பார். எனக்காக ஒரு தட்டு தனியாக இருந்தது. ஓரம் சற்றே நெளிந்த அலுமினியத் தட்டு. அது அவர்கள் வீட்டு அலமாரியில் மற்றத் தட்டுகளோடு கவிழ்ந்திருப்பதைப் பார்ப்பதே எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

மாசியில் ஒருநாள் போனபோது வீடு அமைதியாக இருந்தது. மூங்கிலில் ஒரு கல்யாணப் புடவைக்கான அரக்கு நூல் தொங்கியது. அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார் ஏகாம்பரம். சில இடம் அரக்கு, சில இடம் செங்கல். "உன் மருந்துதான். நேத்து போட்டே, இன்னைக்குத் தோய்ச்சேன். பட்டு உன் பவுடரைத் தாங்காதுபா. நெய்யறவன் இதைத் திருப்பிக் குடுத்துட்டான். இன்னொரு தபா இப்படி ஆனா எவனும் என்கிட்ட நூல் தரமாட்டான். சாயம் தவிர எனக்கு வேற இன்னா தெரியும்?"

அவர் கெஞ்சவில்லை. மரகதம்தான் வழி சொன்னார். "இந்தக் கிணத்தைச் சாயத்துக்குன்னு விட்டுடு கோதண்டம். குடிக்க நாங்க தெருக்குழாய்ல பிடிச்சிக்கிறோம். ஒரு சொட்டு வாயில வைக்கமாட்டோம்."

சாயக்கிணறுகளுக்கு விலக்கு உண்டா என்று தனகோபாலிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மூடி போட்டுப் பூட்டுங்கள், குடிக்கிற வாளி அதில் இறங்கக் கூடாது என்பார், அல்லது மருந்து போடுங்கள் என்பார். பூட்டினால் அந்த வீட்டில் எனக்கு முகம் இருக்குமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. கிணற்றுச் சுவரில் சிவப்புச் சாயத்தால், "குடிக்க அல்ல" என்று நானே எழுதினேன். அன்று பதிவேட்டில் அந்தக் கிணற்றுக்கு நேராக, "மஞ்சள் வந்தது" என்றும் எழுதினேன். முதல் நாள் கை கூசியது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அந்தத் தெருவில் ராஜாமணி என்று ஒரு அம்மாள். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் நீள இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழை. அந்த வேலையைத்தான் வீடு வீடாகப் போய்ச் செய்வார். பட்டு வழுக்காமல் இருக்க விரல் நுனியில் சாம்பல் தொட்டுக்கொள்வார், அதனால் அந்த இரண்டு விரலும் எப்போதும் வெள்ளையாக இருக்கும். ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. எந்த வீட்டில் வேலையோ அந்த வீட்டில் சாப்பாடு. என் கையைப் பார்த்துவிட்டு ஒருநாள், "உனக்கும் விரல் வெள்ளை, எனக்கும் விரல் வெள்ளை. நம்ம ரெண்டு பேரையும் எந்த வீட்டுலயும் ராத்திரி தங்கச் சொல்றதில்ல பாத்தியா" என்றார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

வைகாசி பிறந்தது. ஒரு காலையில் அந்தத் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். பாவு நீட்டினால் அது ஒரு வீட்டு வேலை இல்லை, தெருவே வந்து ஆளுக்கொரு முனை பிடிக்கும். கஞ்சி தடவி, இழை பிரித்து, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். நானும் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் மரகதம் பெரிய பாத்திரத்தில் நீர்மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார்.

முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மூக்கு பழகிய மூக்கு. தெருக்குழாய்த் தண்ணீரில் செய்த மோரில் லேசாகப் பவுடர் வாசனை இருக்கும், கொத்தமல்லி போட்டாலும் போகாது. இதில் இல்லை. தம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்படி இருக்குது?" என்றார் மரகதம். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தாழ்ந்த குரலில், "நம்ம கிணத்துத் தண்ணிதான். ஒரு நாளைக்குத்தானே" என்றார்.

பக்கத்தில் இருந்த ராஜாமணி, "இன்னா ஒரு நாளைக்கு? தினம்தானே மொண்டுக்கினு போறோம்" என்றார். "இந்த ஊர்ல தண்ணி தண்ணியா இருக்கிற கிணறு இது ஒண்ணுதான். ஏகாம்பரம் வீட்டுக் கிணத்துல பெருமாளே பவுடர் போட விடலைன்னு பேசிக்கிறாங்க. பெருமாளு யாருன்னு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"குடிக்க அல்ல" என்று நான் எழுதியது அவர்களுக்கு விளம்பரமாகப் போயிருந்தது. பவுடர் போடாத கிணறு என்று தெருவுக்கே அடையாளம் காட்டியவன் நானே. அங்கேயே, அந்த நிமிஷமே நான் பேசியிருக்க வேண்டும். "நல்லா இருக்குது" என்று சொன்னேன். இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

கருட சேவைக்கு ஊர் நிறைந்தது. வீட்டுக்கு வீடு வெளியூர் உறவினர்கள். ஏகாம்பரம் வீட்டுக்கும் பட்டணத்திலிருந்து மரகதத்தின் தம்பி குடும்பம் வந்து தங்கி, கிணற்றடியில் குளித்து, துவைத்து, சேவித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு ஊருக்குப் போனார்கள். ஒருவருக்கும் தலைவலிகூட இல்லை.

அவர்கள் போன நான்காம் நாள் அந்தத் தெருவில் ஒரு நெசவாளி வாந்திபேதியில் விழுந்தார். மறுநாள் காலைக்குள் இன்னும் மூன்று வீடுகள்.

தனகோபால் ஆபீஸ் மேசையில் தெருவைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீடுகள் கட்டம், கிணறுகள் வட்டம். பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு கிணறாகப் பார்த்தார். ஏகாம்பரம் வீட்டு வட்டத்துக்கு வந்ததும் என் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினார். "மாசியிலேர்ந்து ஒரு நாள்கூட விடாம மஞ்சள். இந்தக் கிணறு இல்லை" என்று சொல்லி அந்த வட்டத்தின் மேல் கோடு போட்டார். பிறகு, "உங்க கிணறுங்கதான் கோதண்டம் எனக்கு நிம்மதி" என்றார்.

நான் பவுடர் டப்பாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் பின்னால் கிளம்பினேன். அந்த வீடுகளில் அவர் கேட்ட மூன்று கேள்விக்கும் ஒருவரும் உள்ளதைச் சொல்லவில்லை. எல்லோரும், "குழாய்த் தண்ணிதான் சார்" என்றார்கள். சாயக்காரரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, பவுடர்காரருக்கும் கஷ்டம் வரக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஆகவே அந்தப் பகலெல்லாம் திருவிழாத் தண்ணீர்ப்பந்தலைத் தேடினோம், ஐஸ் விற்றவனைத் தேடினோம், மற்றக் கிணறுகளுக்கெல்லாம் இரட்டை அளவு மருந்து போட்டோம். மருந்து போடப் போட அவை நாறின. நாற நாற ஜனங்கள் அந்த ஒரு கிணற்றுக்குப் போனார்கள். என் கண்ணால் பார்த்தேன். ராஜாமணி இடுப்பில் குடத்தோடு சந்துக்குள் நுழைந்ததையும் பார்த்தேன். ராத்திரி யாரும் இல்லாதபோது போய் மருந்தைப் போட்டுவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு மற்றக் கிணறுகளுக்கே போனேன். மூங்கிலில் அப்போதும் ஒரு கல்யாண அரக்கு காய்ந்துகொண்டிருந்தது. ராத்திரியும் நான் போகவில்லை.

அந்த நெசவாளி விழுந்த மூன்றாம் நாள் காலையில் ராஜாமணி ஒரு தறியடியிலேயே சுருண்டுவிட்டார் என்று ஆள் வந்தது. குதிரை வண்டி பிடித்து நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். கூட வர வேறு யாரும் இல்லை. ஒரே இரவில் கண் உள்ளே போயிருந்தது. கைவிரல் தோல் நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது. அந்த இரண்டு விரலில் மட்டும் இன்னும் சாம்பல். குரல் காற்றாகத்தான் வந்தது.

"தண்ணி."

என்னிடம் இருந்த குப்பியைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன். கொதிக்க வைத்து, மருந்து கலந்த தண்ணீர். உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாத்தம் அடிக்குதுபா. ஏகாம்பரம் வீட்டுக் கிணத்துத் தண்ணி கொண்டா. உனக்குத்தான் தருவாங்களே."

ஆஸ்பத்திரிக் கொட்டகையில் அவரைச் சேர்த்தேன். நரம்பு கிடைக்காமல் தேடித் தேடி ஊசி ஏற்றினார்கள். நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன்.

தனகோபால் அதே வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"சார், ஏகாம்பரம் வீட்டுக் கிணத்துல மருந்து போடலை."

"இன்னைக்கா?"

"மாசியிலேர்ந்து சார்."

பென்சிலை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். "குழாயை எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிணற்றில் நானே மொண்டேன். அவர் மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை. சொட்டு மருந்து விட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஏகாம்பரம் வழக்கம்போல் எட்டிப் பார்த்தார். பெயர் வைக்க அதில் ஒரு நிறமும் இல்லை. தனகோபால் அவரிடம் மெதுவாக, "இதைத்தான் தெரு குடிக்குதுங்க" என்றார். ஏகாம்பரம் மூங்கிலில் இருந்த அரக்கு நூலைத் தானே இறக்கி உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்து, "போடு" என்றார். நான் வாளியில் பவுடரைக் குழைத்தேன். சுண்ணாம்பு தங்கும்வரை மூன்று பேரும் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றோம். மரகதம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தார். என் காதில் விழுந்தது ஒன்றுதான். "நாமதானே கேட்டோம்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது தனகோபால் கேட்டார்.

"எதுக்கு கோதண்டம்?"

"ஊருக்குள்ள அந்த வீட்லதான் சார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"என்னையும் இந்த ஊர்ல யாரும் கூப்பிடறதில்லைங்க" என்றார்.

அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான்.

ஆபீஸில் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "அடிக்காதீங்க, அழிக்காதீங்க. கீழே எழுதுங்க. மாசி முதல் இன்னைக்கு வரைக்கும் இந்தக் கிணத்துக்கு நேரா எழுதினது பொய்ன்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க." எழுதினேன். பென்சிலில்தான். அன்று மாலை ராஜாமணி இறந்துவிட்டார். கேட்டு வந்தவர் யாரும் இல்லாததால் ஆஸ்பத்திரித் தாளில் கொண்டுவந்தவர் என்ற இடத்தில் இருந்த என் பெயர்தான் கடைசிவரை நின்றது. ஒரு வாரத்தில் தெருவில் புதிதாக விழுவது நின்றது. படுத்திருந்த மற்ற எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

விசாரணை நடந்தது, தண்டனையும் வந்தது. அது நியாயம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலையிலிருந்து நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். தனகோபால், "நாளைக்கு அந்தக் கிணத்துக்கும் நீங்கதான் போகணும்" என்றார். எனக்கு அதுதான் கடினமாக இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு எழுபதுகளின் கடைசியில் மாற்றல் ஆகும்வரை, அந்த ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் அந்தக் கிணற்றைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். ஏகாம்பரம் சாயத்துக்குத் தண்ணீரை ஊருக்கு வெளியே ஒரு வயல் கிணற்றிலிருந்து வண்டியில் கொண்டுவர ஆரம்பித்தார். நான் வந்தால் எழுந்து வருவார். குழாயைப் பார்ப்பார். எலுமிச்சையா தாழம்பூவா என்று சொல்லமாட்டார். "வந்துட்டுது சார்" என்பார். கோதண்டம் போய் சார் வந்துவிட்டது. என் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. மத்தியானத்தில் மரகதம், "சாப்ட்டுப் போங்க" என்று சொல்லாத நாள் கிடையாது. நான் இன்னும் நாலு கிணறு இருக்கிறது என்பேன். ஒருமுறை கதவு திறந்திருந்தபோது அந்த நெளிந்த தட்டு அலமாரியில் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

மாற்றல் உத்தரவு வந்த பிறகு கடைசியாக ஒரு காலை அங்கே போனேன். மருந்து போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, குழாயில் பார்த்தேன். நல்ல மஞ்சள். ஏகாம்பரம் பார்த்தார். வழக்கமாக உள்ளே போய்விடுகிறவர் அன்று போகவில்லை. தானே வாளியை இறக்கி ஒரு வாளி இழுத்தார். செம்பில் மொண்டு அண்ணாந்து முழுவதும் குடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். செம்பைக் கவிழ்த்துச் சுவரில் வைத்தார். அந்தச் சுவரில் என் சிவப்பு எழுத்து இன்னும் லேசாகத் தெரிந்தது. எனக்கு ஒரு வாய் தருவார் என்று நின்றேன். தரவில்லை. நானும் கேட்கவில்லை.

"நாத்தமாத்தான் சார் இருக்குது" என்றார்.